ஐந்தாவது பிரதியை வாசித்தவர்

ஐந்தாவது பிரதியின் பக்க நுனிகள் ஈரமாக இருந்தன.

மழைக்காலம், சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடக்கிறது, காகிதம் நமத்துப்போகாமல் என்ன செய்யும் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் நமத்துப்போகிற காகிதம் முழுசாக அல்லவா நமத்துப்போகும்? இதில் வலது கீழ்மூலை மட்டும், எச்சில் தொட்டுப் புரட்டிய விரல் அளவுக்கு, பக்கத்துக்குப் பக்கம் ஈரம். மூன்றாம் அத்தியாயத்தோடு அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தாள்கள் மொடமொடவென்று இருந்தன.

அவளுக்கு எச்சில் தொட்டுப் புரட்டுகிற பழக்கம் கிடையாது. பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் பகலெல்லாம் ஊரார் வாய்க்கு நேரம் குறித்துக் கொடுப்பவளுக்கு எச்சில் என்றாலே ஆகாது.

நாவல் அச்சுக்குப் போகுமுன் நாலு பேர் படித்துக் குறை சொல்லட்டும் என்று சுருள்கம்பி போட்ட ஐந்து பிரதிகள் எடுத்திருந்தாள். 'சம்பளம் கிடையாது, நன்றி உண்டு' என்று நூலகப் பலகையிலும் எழுதி ஒட்டினாள். தம்பி, டாக்டரம்மா, நூலகர், கூடப் படித்தவள் என்று நாலு பிரதிகள் போயின. ஐந்தாவதைக் கேட்டு ஈ காக்கைகூட வரவில்லை. அதை வீட்டு நடையின் கோடியில், சுவரோரம் கிடந்த முக்காலியில் வைத்துவிட்டாள்.

படிக்காமலே படித்தேன் என்று அளப்பவர்களைப் பிடிக்க அவள் ஒரு பொறியும் வைத்திருந்தாள். நாவலில் வருவது அவள் தனியாகக் குடியிருக்கும் இதே வீடுதான். முதல் அத்தியாயத்தில் நடை ஒரு வெற்றுச் சுவரில் போய் முடியும், உள்ளது உள்ளபடி. மூன்றாம் அத்தியாயத்தில் அதே இடத்தில் ஒரு கதவு இருப்பதாக வேண்டுமென்றே எழுதினாள். ஒழுங்காகப் படிக்கிறவர் கண்ணில் அது உறுத்தாமல் போகாது.

தம்பியிடம் போனில் கேட்டாள்.

"படிச்சிட்டேன்க்கா. செம!"

"எங்கயாவது இடிச்சுதாடா?"

"இடிக்கவா? வழுக்கிட்டுப் போச்சு."

"அந்தக் கதவு?"

"ஆமாமா, கதவு. கதவு சூப்பர்க்கா."

காதில் பூ சுற்றுகிறான். டாக்டரம்மாவின் பிரதியோ அட்டைகூடத் திருப்பப்படாமல், தலையில் கையுறைப் பெட்டியைச் சுமந்துகொண்டிருந்தது. மற்ற இருவர் போனையே எடுக்கவில்லை. வருஷக்கணக்காக எழுதியது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு வரியில் நின்று மூச்சு விட்டிருந்தால் போதும். அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சாயங்காலம்தான் ஐந்தாவது பிரதியில் பென்சில் எழுத்தைப் பார்த்தாள். கதாநாயகி தட்டுக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்து, அது பேசப் பேச 'ம்' கொட்டிக்கொண்டே சாப்பிடும் இடம். ஓரத்தில் பொடி எழுத்தில்: 'இங்கே நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேலே படிக்க முடிந்தது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். முகம் சூடானது, சந்தோஷத்தில். அதற்குப் பிறகுதான் முதுகு சில்லிட்டது. வாசல் பூட்டியிருந்தது. சாவி ஒன்றுதான், அதுவும் அவள் கைப்பையில். அவசரமாகப் பக்கங்களைத் தள்ளினாள். மூன்றாம் அத்தியாயத்தில் கதவுக்கு நேரே 'சரி' என்று இருந்தது. முதல் அத்தியாயத்துச் சுவர் வட்டமிடப்பட்டிருந்தது. 'இதுதான் தவறு. அங்கே கதவு. தாழ்ப்பாள் அடியில், என் பக்கம்.'

நடைக்குப் போய் உள்ளங்கையால் சுவரைத் தடவினாள். சில்லென்ற காரை. தட்டினாள். கெட்டியான சுவர்தான். "போடி பைத்தியக்காரி," என்று தன்னையே வாய்விட்டுத் திட்டினாள், குரல் கேட்டால் தைரியம் வரும் என்று.

பிரதியைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். பழையபடி முக்காலியிலேயே வைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் படித்தவர் அவர் ஒருவர்தானே.

மறுநாள் ஐந்தாம் அத்தியாயம்வரை ஈரம். அதற்கு அடுத்த நாள் எட்டுவரை. குறிப்புகள் ஒவ்வொன்றும் பொன்னானவை. எங்கே அவள் பூசி மெழுகினாளோ அங்கே கோடு. எங்கே அழுதுகொண்டே எழுதினாளோ அங்கே ஒரு சிறு புள்ளி. வேலையிலிருந்து ஓடிவந்து, செருப்பைக் கழற்றாமலே நடைக்குப் போனாள். சமையலறையில் குழாய் சொட்டும்போது, மழை ஓடுகளில் இறங்கும்போது, அந்தச் சத்தங்களுக்கு அடியில் இன்னொன்றும் கேட்கத் தொடங்கியது. தாள் புரளும் சத்தம். அதற்கு முன்னால், ஒவ்வொரு தடவையும், நாக்கு விரலை விட்டுப் பிரிகிற மெல்லிய 'ச்'.

கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி வீட்டைப் பூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள். அதன் கீழே குறிப்பு. பென்சில் தாளைக் கிழிக்குமளவு அழுத்தியிருந்தது. 'இவள் ஏன் போகிறாள்? இவள் போய்விட்டால் நான் யாரைப் படிப்பது? முதல் அத்தியாயத்தைத் திருத்திவிடுங்கள். மற்றதை நேரில் பேசலாம்.'

தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

"இந்த மழையிலயா? ஞாயித்துக்கிழமை பாக்கலாமேக்கா. ஏன், ஏதாவது அவசரமா?"

அவசரம் என்று சொல்ல வாய் திறந்தாள். "ஒண்ணுமில்லடா," என்றாள்.

நடையில் விளக்கைப் போட்டு, முக்காலியில் உட்கார்ந்து, பிரதியை மடியில் விரித்தாள். பேனாவைத் திறந்தாள். நல்ல திருத்தம் என்றால் ஏற்றுக்கொள்ளத்தானே வேண்டும். அதற்குத்தானே இத்தனை பேரிடம் கெஞ்சினோம். 'சுவர்' என்பதை அடித்தாள். மேலே 'கதவு' என்று எழுதினாள்.

குழாய்ச் சத்தம் நின்றது.

மழைச் சத்தமும்.

பென்சில் சீவிய வாசனை. அதோடு, வாய் மூடியே கிடந்த ஒருவரின் மூச்சு வாசனை. இடது தோளுக்குப் பின்னால், தரையோரம், தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். மெதுவாக. துருவோடு.

திரும்பக் கூடாது.

திரும்பவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கண்ணின் ஓரத்தில் மட்டும் சுவர் இருந்த இடம் கறுப்பாகிக்கொண்டே போனது. அந்தக் கறுப்பிலிருந்து ஒரு கை வந்தது. தாழ்வாக. நீளமாக. விரல் நுனிகள் நாளெல்லாம் தண்ணீரில் ஊறியதுபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

மடியிலிருந்த பிரதியை அது தொட்டது. மூடியது. ஓரமாக ஒதுக்கி வைத்தது. படித்து முடித்ததை வைப்பதுபோல.

இருட்டுக்குள் போனது. 'ச்'.

திரும்பி வந்தது. ஈரமான அந்த விரல் அவள் புறங்கையில், வலது கீழோரத்தில், பதிந்தது. தோலின் நுனியைத் தேடி, நெம்பி, புரட்டத் தொடங்கியது.