எந்தப் பூவு வேணும்?

இப்போதுதான் சென்ட் பூசினாள். வலது மணிக்கட்டில் மல்லி, இடதில் செண்பகம். ஆனால் வலது கையில் வாசமே இல்லை. கோகிலவாணி திருப்பித் திருப்பி முகர்ந்தாள். வெறும் தோல்.

நாளை திருச்செங்கோட்டில் கல்யாணம். இரண்டாம் தாரமாக வந்தவளைச் சொந்தபந்தமெல்லாம் உற்றுப் பார்க்கும் விசேஷம். கமகமவென்று போய் நிற்க ஆசைப்பட்டு இரண்டு சென்ட் பாட்டில் வாங்கியிருந்தாள். எதைப் பூசுவது என்று குழம்பி, பிள்ளைக்கு ஏங்கி ஏங்கியே போய்ச் சேர்ந்த மூத்தாள் தனப்பிரியாவின் படத்திடம் விளையாட்டாய்க் கேட்டுவைத்திருந்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"ஏனுங்கக்கா, உங்களுக்கு எந்தப் பூவு வேணும்? எடுத்துக்கங்க."

கரண்ட் போனது. பக்கத்துத் தெருத் தறிகள் ஒவ்வொன்றாய் அடங்க, ஜன்னல் வெயிலில் தூசி மட்டும் மிதக்க, அந்த அமைதிக்குள் யாரோ மூக்கை வைத்து ஆழமாய், நிதானமாய், ஆசைதீர மூச்சிழுக்கும் சத்தம் அவள் இடது கைப்பக்கம் கேட்டது.

செண்பகமும் போய்விட்டது.

செல்போன் அடித்தது. அவள் புருஷன் தனபால்.

"நாமக்கல்லு தாண்டீட்டேன் புள்ள. பூவு தூங்கறாளா?"

அவள் உள்ளறைப் பக்கம் திரும்பினாள். ஏழு மாத மகளின் பேர் பூவிழி. வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது பூவு.



போன் நழுவியது. உள்ளறையில் சேலைத்தொட்டில் லேசாய் ஆடியது. அங்கிருந்து எப்போதும் வரும் பால்வாசமும் வசம்பு வாசமும் மெல்ல மெல்லக் குறைந்தன. மறுபடி அந்த மூச்சு. நீளமாய்.

"அக்கா... அவ இல்லீங்க. பாட்டிலச் சொன்னேனுங்க. ரெண்டையும் எடுத்துக்கங்க. எம்புள்ளைய உட்ருங்க!"

கால் நகரவில்லை. தன் வாயால் கொடுத்தது. யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பாள்?

தொட்டில் நின்றது.

சேலை விலகியது. குழந்தை முழித்திருந்தது. இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தது. அம்மாவைப் பார்த்து அல்ல.

மேலே எழும்பியது. மெதுவாக. தலையில் அடிபடாமல், பதனமாக.

கோகிலவாணி கத்தினாள். சத்தம் வரவில்லை.

வெயில் விழுந்த அறையின் நடுவில், யாருமில்லாத இடத்தில், ஓர் இடுப்பின் மேல் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, பூவு யாருடைய தோளிலோ முகம் புதைத்துக்கொண்டது.