இரண்டு பச்சை மேசைகள்

காலை 8:40. கோவில்பட்டியில் பீர் முகம்மது தன் மரச்சாமான் கடையைத் திறந்ததும் பெயிண்ட் ரிமூவர் நெடி மூக்கில் ஏறியது. கடையில் புதிதாகச் சேர்ந்த ஆசிபா வரைந்த மேசையின் மேல்பரப்பு தோல் உரிந்து பச்சைச் சகதியாகக் கிடந்தது. ஜன்னலோரம் இருந்த மற்ற மேசையில் ஒரு சொட்டு ரிமூவர்கூட இல்லை.

அது அசல் பச்சை மார்பிள். கெட்டுப்போனது, கடப்பைக் கல்லின் மேல் ஆசிபா பெயிண்டால் கொண்டுவந்த மார்பிள். அசலையும் வீட்டுக்கே எடுத்துப்போய், அதைப் பார்த்துப் பன்னிரண்டு நாள் வரைந்தாள். முந்தின நாள் மாலைதான் இரண்டும் கடைக்கு வந்தன; எது பெயிண்ட் என்று கடையில் ஊகித்துப் பார்த்தார்கள். கயத்தாறு ஓட்டல்காரர் சௌந்தரபாண்டியன் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. எது அசல் என்று அவர் தடுமாறினால், நாற்பது மேசை வேலை ஆசிபாவுக்கு.

9:25. சப்-இன்ஸ்பெக்டர் சுதாராணி வந்தார். பூட்டு உடையவில்லை. சாவி பக்கத்து டீக்கடை ஆணியில் தொங்குவது கடை ஆட்களுக்கு மட்டுமே தெரியும்.

"மந்திரமூர்த்தியாத்தான் இருக்கும் மேடம்" என்றார் பீர் முகம்மது, குரலைத் தாழ்த்தி. "பதினேழு வருசமா டிசைன் வேலை பூரா அவந்தான். இந்தப் பிள்ளை வந்த பொறவு அவன் முகமே சரியில்ல."

மந்திரமூர்த்தி மறைக்கவில்லை. "வயித்தெரிச்சல் இருக்கத்தான் செய்யுது. அதுக்காவ ஊத்துவனா?"

"நேத்து எதைப் பெயிண்ட்னு சொன்னீய அண்ணாச்சி?" என்று கேட்டார் சுதாராணி.

"ஜன்னலோரத்து மேசையத்தான். முதலாளி பாயும் அதையே காட்டுனாவ. ஆசிபா சிரிச்சுக்கிட்டே, நாளைக்குச் சொல்லுதேன்னுட்டா."

அடுத்து ஆசிபாவின் கணவன் ஹாரூன். அதே கடையில் பாலிஷ் வேலை.

"எது பெயிண்ட்னு தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவ யாருகிட்டயும் சொல்லல."

"உங்க வீட்டுலதான வரைஞ்சா?"

ஹாரூன் கையிலிருந்த பாலிஷ் துணியை மடிக்கத் தொடங்கினான்.

10:05. சுதாராணி எல்லோரையும் கூப்பிட்டார்.

"நீங்க எல்லாரும் கெட்டுப்போன மேசையவே பார்த்தீங்க. நான் கெடாத மேசையப் பார்த்தேன். மந்திரமூர்த்தியோ பாயோ ஊத்தியிருந்தா, ஜன்னலோரத்து அசல் மேலதான் ஊத்தியிருப்பாவ; அதைத்தான பெயிண்ட்னு நம்புனாவ. தட்டிப் பார்த்தும் பிரிக்க முடியாது, ரெண்டும் கல்லு. சந்தேகம் இருந்தா ரெண்டுலயும் ஊத்தணும். ஒண்ணுல மட்டும் ஊத்துனவரு, அது வரையுறப்பவே கூட இருந்து பார்த்தவரு."

ஹாரூன் தலைகுனிந்தான். "இங்க அவளைச் சேர்த்துவிட்டதே நாந்தான். இப்ப எங்க போனாலும் ஆசிபா மாப்பிள்ளைன்னுதான் சொல்லுதாவ. எனக்குன்னு ஒரு பேரு இல்ல."

அதுவரை சுவரோரம் நின்ற ஆசிபா கேட்டாள். "நல்லா இருந்துச்சா?"

"அசலைவிட நல்லா இருந்துச்சு. என்னால பார்க்க முடியல."

அவள் சுதாராணியிடம் திரும்பினாள்.

"கம்ப்ளெயிண்டை எழுதிக்கோங்க மேடம். பதினொண்ணுக்குள்ள முடிச்சிருவோம். ஓட்டல்காரவிய வந்ததும், அவிய கண்ணு முன்னாலயே நான் ஒரு மூலையாவது வரைஞ்சு காட்டணும்."