முப்பத்தொன்பதாவது ஆள்

இந்த ஜனவரியில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு நானும் டாக்டர் ஜோதிலிங்கமும் டெல்லி ஜங்புராவில் அந்தப் பழைய மாடி வீட்டின் முன்னால் ஆட்டோவை விட்டு இறங்கினோம். எதிர்ச் சுவர்கூடத் தெரியாத பனிமூட்டம். சாக்கடைக் குழிகளைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்று அந்த வீட்டை எடுத்திருந்தது. கீழே கயிறும் ரப்பர் பூட்ஸும் குவிந்து கிடக்கும். மாடி அறையில் வருடத்துக்கு ஒரு நாள் எங்கள் முகாம். குழிக்குள் இறங்கும் ஆட்களுக்கு அந்த வேலையைத் தாங்கும் உடம்பு இருக்கிறதா என்று டாக்டர் சோதித்து எழுதித் தர வேண்டும். மூச்சை ஊதிப் பார்க்கும் கருவி என் பொறுப்பு.

சூப்பர்வைசர் பத்ரி படிக்கட்டில் நின்றிருந்தான். டெல்லியிலேயே பிறந்த தமிழன்.

"வாங்க டாக்டர் சாப். முப்பத்தெட்டு பேரு. ஜல்தி முடிச்சுக் குடுத்துடுங்க."

"அச்சா, அச்சா" என்றபடி டாக்டர் படியேறினார்.

எனக்குக் கால் கூசியது. போன வருடம் இதே மாடியில்தான் மூக்கனைப் பார்த்தேன்.

மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் இருந்தவர். நாற்பது வயதிருக்கும். என் கருவியின் குழாயை வாயில் வைத்து மூன்று முறை ஊதினார். மூன்று முறையும் ஒரே எண்தான் வந்தது. நூறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று. ஊதி முடித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரய்யா, ரெண்டு படி ஏறுனாலே எரைக்குது. உள்ள எறங்குனா தல சுத்துது. மேல நின்னு கயிறு புடிக்கிற வேல குடுக்கச் சொல்லி எழுதிக் குடுங்கய்யா."

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டெல்லியில யாருக்குத்தான்யா மூச்சு வாங்கல?" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "எண்பத்திரண்டுன்னு போடும்மா. ஆள் கொறைஞ்சா பத்ரி கத்துவான்" என்றார்.

நான் போட்டேன். என் கையெழுத்தில்தான் அந்த எண் இருந்தது. அதன் கீழே அவர் 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பதினோராம் நாள் மூக்கன் குழிக்குள்ளேயே செத்துப்போனார். பத்ரி முகமூடிகூடக் கொடுக்காமல் இறக்கியிருக்கிறான். விசாரணை வந்தபோது, அவர் குடித்துவிட்டு இறங்கியதாக பத்ரி சொல்ல, டாக்டர் அதையே கடிதமாக எழுதிக் கொடுத்தார். மூக்கனின் மனைவி வள்ளி எங்கள் கிளினிக் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். "அவரு ஒரு சொட்டு தொட்டதில்லம்மா. நீங்கதானே பாத்தீங்க, சொல்லுங்கம்மா" என்று என் கையைப் பிடித்தாள். நான் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

முகாம் வழக்கம்போலவே நடந்தது. ஆட்கள் வந்தார்கள், ஊதினார்கள், போனார்கள். டாக்டர் ஒவ்வொரு நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு விநாடி வைத்து, "மூச்ச இழுங்க, விடுங்க" என்று ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு முப்பத்தெட்டாவது ஆளும் போய்விட்டான். பத்ரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வீடு ஓய்ந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் பனி வெள்ளைத் துணி போட்டு மூடியதுபோல் ஒட்டிக் கிடந்தது.

நான் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. முதலில் லேசாக, அழுகிய முட்டைபோல. பிறகு தொண்டைக்குள் இறங்கிக் கண்ணை எரித்தது. வெளியில் ஓடும் பாரபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயின் நாற்றம் எனக்குப் பழக்கம். இது அதுவல்ல. பல நாள் மூடிக் கிடந்த எதையோ திறந்துவிட்ட நாற்றம்.

படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. இரண்டு படி. நிற்கும். மறுபடி இரண்டு படி. நிற்கும்.

டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே, "இன்னும் ஒருத்தன் இருக்கானா? வரச் சொல்லு" என்றார்.

வாசலில் யாருமில்லை.

ஆனால் சிமென்ட் தரையில் ஓர் ஈரக் கால்தடம் விழுந்தது. கறுப்பு ஈரம். அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கும் முன்னால் இன்னொன்று. தடங்கள் என்னைக் கடந்து போய் டாக்டரின் மேஜைக்கு எதிரே நின்றன. முக்காலி 'கிறீச்' என்று அழுந்தியது.

"டாக்டர்..." என்றேன்.

அவர் தலை நிமிராமல், பழக்கத்தில் கையை நீட்டினார். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டம் வெறும் காற்றில் ஒட்டிக்கொண்டு நின்றது. நெஞ்சு உயரத்தில்.

"மூச்ச இழுங்க."

ஒரு சத்தமும் இல்லை. டாக்டரின் நெற்றி சுருங்கியது. காதுக் குழாயைச் சரி செய்துகொண்டு மறுபடி கேட்டார். பிறகுதான் நிமிர்ந்தார்.

அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. எதிரில் எனக்குச் சுவர்தான் தெரிந்தது. அவர் முகம் மட்டும் சாம்பல் நிறமானது.

"நீ..." என்றார்.

முக்காலிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. வாய் நிறையச் சேறு இருப்பதுபோன்ற குரல்.

"இப்ப நீங்க இழுங்க டாக்டரய்யா."

டாக்டரின் நெஞ்சு ஏறியது.

"இன்னும்."

மறுபடி ஏறியது. சட்டைப் பொத்தான்கள் இழுபட்டன.

"இன்னும்."

அவர் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்புகள் புடைத்தன. காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒரு துளிகூட வெளியே வரவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், ஆட்டினார்.

"விடுங்க டாக்டர்! மூச்ச விடுங்க!" என்று கத்தினேன்.

நாற்றம் என் பக்கம் திரும்பியது. ஆமாம், திரும்பியது. முகத்துக்கு நேரே.

"நீங்க எழுதுங்கம்மா. அன்னிக்கு எவ்வளவு வந்துச்சோ அத எழுதுங்க."

என் கை பேனாவை எடுத்தது. மிச்சமிருந்த ஒரு வெற்றுப் படிவத்தில் மூக்கன் என்று எழுதினேன். நாற்பத்தொன்று என்று எழுதினேன். 'குழிக்குள் இறங்கத் தகுதியில்லை' என்று, டாக்டர் எழுத வேண்டிய இடத்தில் நானே எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன்.

"விட்டுடுங்க" என்று கெஞ்சினேன். "எழுதிட்டேன். அவர விட்டுடுங்க."

"என்னைய யாரும்மா விட்டாங்க?"

டாக்டர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. டியூட்டி டாக்டர் ஓர் இளம்பெண். கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"இவரை எந்தக் குழியிலேர்ந்து எடுத்தீங்க?" என்று இந்தியில் கேட்டாள்.

"குழியா? மாடியில, நாற்காலியில உட்கார்ந்திருந்தார்."

"பொய் சொல்லாதீங்க. குழாய் விட்டுப் பார்த்தேன். நுரையீரல்வரைக்கும் சாக்கடைச் சேறு."

மூன்று நாள் நான் கட்டிலை விட்டு எழவில்லை. நான்காம் நாள் விசாரணை அதிகாரியிடம் போனேன். நாற்பத்தொன்றை எண்பத்திரண்டாக்கியது, மூக்கன் கெஞ்சியது, குடித்தார் என்று சொன்னது பொய் என்பது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் வேலை போயிற்று. வழக்கில் என் பெயரும் சேர்ந்தது. ஆனாலும் அன்று ராத்திரி தூங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வள்ளியைத் தேடி டெல்லியின் வடக்கு ஓரத்தில் இருக்கும் நரேலாவுக்குப் போனேன். மதராசி கேம்ப்பை அரசாங்கம் இடித்த பிறகு அங்கே நான்காவது மாடியில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். பெரிய வெயில் இல்லை, ஆனாலும் வெளிச்சமான மத்தியானம். வள்ளி என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைத் தாழிட்டாள். குளிர் வருகிறது என்றாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். அழவில்லை.

"தெரியும்மா" என்றாள். "நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னு சொன்னாரு. அதான் உங்கள விட்டுட்டாரு."

அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். மூன்று டம்ளர். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒன்று.

"அந்தப் பத்ரி வீடு மாத்திட்டானாம்" என்றாள், ரொம்ப சாதாரணமாக. "எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

எனக்குத் தெரியும். மயூர் விஹார், மூன்றாவது மாடி. ஒரு மகள் இருக்கிறாள். டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழிக்கு மேலே நின்று, முகமூடி இல்லாத ஒரு மனிதனை "எறங்கு, எறங்கு" என்று விரட்டியவன் அவன். அதையும் நினைத்தேன்.

"தெரியாது" என்றேன்.

வள்ளி தலையைச் சாய்த்து, நடுவிலிருந்த இடத்தை நோக்கிக் கொஞ்ச நேரம் காது கொடுத்தாள்.

"பரவால்லம்மா" என்றாள். "நீங்க மனசுல சொன்னது கேட்டுதாம்."

நான் குனிந்து பார்த்தேன். நாங்கள் இருவரும் தொடாத அந்த மூன்றாவது டம்ளர் காலியாக இருந்தது.

கதவின் தாழ்ப்பாள் உள்ளே போட்டது போட்டபடி இருந்தது. வெளியே படிக்கட்டில் யாரோ நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.