வலது என்று எழுதிய கை

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு டோரதி டீச்சர் படியேறி வந்தபோது, தம்முடைய போனை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு மூடி எடுத்து வந்திருந்தார். "இது நாம பேசறதைக் கேட்குது சார். மூடியே இருக்கட்டும்" என்றார். பின்னால் மகன் க்ளென், கையில் ஆஸ்பத்திரி பைலுடன்.

லிங்கராஜபுரத்தில் லாயிட்டின் மொபைல் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் ஸ்ரீகண்டனின் அறை. இருபது வருஷம் கோர்ட்டில் சாட்சிகளின் தமிழைக் கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றிக் கொடுத்தவர். இப்போது தனியாக விசாரணை வேலை. போன், கம்ப்யூட்டர் என்று ஏதாவது வந்தால் லாயிட் கடை ஷட்டரை இறக்கிவிட்டு மேலே ஓடிவந்துவிடுவான். நாற்பது வயதாகியும் ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது அவனுக்கு. அன்றும் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டேதான் கேட்டான்.

டீச்சருக்கு மார்பில் கட்டி. செவ்வாய்க்கிழமை அறுவை. க்ளென்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில்கூடச் சொந்த வேலை என்றுதான் லீவு கேட்டிருந்தார். ஆனால் வியாழக்கிழமை காலை அவருடைய அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில், கோவிலைச் சுற்றியுள்ள முப்பது கத்தோலிக்க வீடுகளும் பார்க்கும் இடத்தில், விஷயம் வந்துவிட்டது. போட்டவர் குழுத் தலைவி பிரிஜெட். யார் சொன்னது என்றால், ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் என்றாராம்.

"என் உடம்பு சார் இது. கறிக்கடையில நிக்கறேன், ஒருத்தர் என் நெஞ்சைப் பார்த்துட்டுத் தலையைத் திருப்பிக்கறார். அந்த ஆஸ்பத்திரி வாசலை இனி மிதிக்க மாட்டேன்."

மதியம் இரண்டு மணிக்குள் வருகிறோம் என்று சொல்லாவிட்டால் அந்த நாள் வேறொருவருக்குப் போய்விடும், அடுத்தது ஐந்து வாரம் கழித்துத்தான், டாக்டர் தள்ளவே கூடாது என்றிருக்கிறார் என்று க்ளென் மன்றாடினான். அவன் சாப்ட்வேரில் வேலை பார்ப்பவன். அம்மாவின் போனுக்கு இரட்டைப் பூட்டு போட்டவன் அவன்தான். ரிப்போர்ட் எல்லாவற்றையும் தன் கையாலேயே ஸ்கேன் செய்து ரகசியமாக வைத்திருந்தான்.

அந்தச் செய்தியைப் படிக்கச் சொன்னார் ஸ்ரீகண்டன். க்ளென் தன் போனில் இருந்த படத்தைப் பார்த்துத் தடங்கலில்லாமல் வாசித்தான்.

"ஜெபக் குறிப்பு. நம் சகோதரி டோரதிக்கு வலது மார்பில் கட்டி. செவ்வாய் அன்று அறுவை. கர்த்தருடைய கரம் தாங்கும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்."

"இடது. அதைக்கூட ஒழுங்காச் சொல்லலை" என்று டீச்சர் முனகினார்.

லாயிட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே போனான். ஒரு மணி நேரம் அந்தப் போனைக் குடைந்தும் ஒன்றும் அகப்படவில்லை. வேவு பார்க்கும் செயலி இல்லை. வேறு ஆள் நுழைந்த தடமும் இல்லை. அப்படியானால் ஆஸ்பத்திரிதான் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஒரு ஆள் போதும், இப்போதே போய்ப் பிடித்துவிடலாம் என்று மேலே வந்து குதித்தான். ஸ்ரீகண்டன் பைலின் கடைசித் தாளைப் புரட்டி முடித்துவிட்டு, பிரிஜெட்டை வரச்சொல்லிப் போன் செய்தார்.

பிரிஜெட் வந்து சேர மணி ஒன்றே கால். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆஸ்பத்திரி ஆள் சொல்லியிருந்தா இடதுன்னு சொல்லியிருப்பாங்க" என்று ஆரம்பித்தார் ஸ்ரீகண்டன். "பைல்ல பதினாலு இடத்துல இருக்கு."

"அவசரத்துல மாத்திச் சொல்லியிருக்கலாமே சார்?" என்று லாயிட் குறுக்கிட்டான்.

"இருக்கலாம். லாயிட், நீங்க புராட்டஸ்டண்ட். அதான் இந்தச் செய்தி உங்க காதுல உறுத்தலை. எத்தனை பேர் சத்தியம் பண்ணிப் பேசிக் கேட்டிருக்கேன் நான். உங்க ஆளுங்க ஜெபம்பாங்க, கர்த்தர்பாங்க. டீச்சர், உங்க கோவில்ல?"

"செபம்" என்றார் டீச்சர் மெதுவாக. "நாங்க ஆண்டவர்னுதான் சொல்லுவோம்." சொல்லிவிட்டுப் பிரிஜெட் பக்கம் திரும்பினார்.

"இது உங்க வார்த்தை இல்லம்மா. எங்கேயோ கேட்டதை அப்படியே போட்டிருக்கீங்க" என்றார் ஸ்ரீகண்டன்.

பிரிஜெட்டுக்கு முகம் கறுத்தது. தினமும் காலையில் காபி போடும்போது யூடியூபில் வேறொரு சபையின் ஜெப நேரத்தைப் பார்ப்பாராம். சும்னேதான், பொழுதுபோக்குக்கு. பாதருக்குத் தெரிந்தால் அன்பியத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அதனால்தான் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டார். அங்கே ஜனங்கள் எழுதி அனுப்பும் ஜெபக் குறிப்புகளில் ஒன்றாக இதைப் படித்தார்களாம், பெயர் எதுவும் படிக்கவில்லை. லிங்கராஜபுரத்தில் ஒரு டீச்சர், கணவர் இல்லை, ஒரே மகன் சாப்ட்வேரில், வலது மார்பில் கட்டி, செவ்வாய்க்கிழமை அறுவை, அவ்வளவுதான்.

"டோரதி செவ்வாயிலேர்ந்து லீவுன்னு எனக்குத் தெரியும். அப்புறம் வேற யாருன்னு நினைக்கிறது?"

"அங்கே எழுதிப் போட்டது யாரு?" லாயிட் நடப்பதை நிறுத்தியிருந்தான்.

"நான் இல்லை" என்றார் டீச்சர். "இந்தப் போன்தான் தானா..."

"போன் இல்லை டீச்சர். வலதுன்னு காதுல விழுந்ததும் நீங்க திருத்தினீங்க. பைல் முழுக்க ஸ்கேன் பண்ணினவர் அந்த இடத்துல தடுக்காம வாசிச்சுட்டுப் போனார். அவருக்கு அந்த வலது புதுசு இல்லை. உங்களைத் தவிர விஷயம் தெரிஞ்சவரும் அவர்தான்."

க்ளென் தலையைத் தூக்கவில்லை. நம்ம கோவிலில் செபிக்கச் சொல்லிக் கேட்டால் தெரிந்துவிடும் என்று அந்த யூடியூப் சபைக்கு எழுதியதாகச் சொன்னான். வேறு மெயிலில் இருந்து அனுப்பினானாம். பெயரும் போடவில்லை. "யாருன்னு தெரியக்கூடாதுன்னுதான் மம்மி வலதுன்னு மாத்தினேன்."

"பேரைத் தவிர எல்லாத்தையும் போட்டிருக்கீங்க" என்றார் ஸ்ரீகண்டன்.

லாயிட் மேலே கொண்டுவந்து வைத்திருந்த டப்பாவை டீச்சர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப எங்கேதான் சார் ஒரு விஷயத்தைப் பத்திரமா வைக்கிறது? வெளியே போகாதுன்னு யாராவது எழுதிக் கொடுப்பாங்களா?"

"மாட்டாங்க டீச்சர். நான் எழுதிக் கொடுத்தா அது பொய்ச் சாட்சி. வெளியாள் நுழையாம லாயிட் பூட்டு போட்டுத் தருவார். உங்க பையன் கவலைப்படறதுக்கு அவர்கிட்ட பூட்டு இல்லை."

"என்ன எழுதினே? படி" என்றார் டீச்சர் மகனிடம்.

அவன் மறுத்தான். அவர் விடவில்லை. கடைசியில் போனில் அதைத் தேடி எடுத்து, இந்த முறை திக்கித் திக்கிப் படித்தான்.

"அப்பா போனப்ப அம்மாதான் என்னைத் தூங்க வச்சாங்க. இப்ப அவங்க மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நான் பக்கத்து ரூம்ல முழிச்சிருக்கேன். அவங்ககிட்ட இதைப் பேச எனக்கு வாய் வரலை."

"எத்தனை பேர் கேட்டாங்க இதை?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம்."

"அத்தனை பேரும் கேட்ட பிறகு நான் கேட்கறேன்."

மணி ஒன்றே முக்கால் ஆகியிருந்தது. லாயிட் கடிகாரத்தையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடு க்ளென். வரோம்னு சொல்லு." எழுந்து நின்று பிரிஜெட்டைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை நீயும் வா. முப்பது வீட்டுக்குச் சொன்னே இல்ல, பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்காரு."