தொண்ணூற்றாறாவது எபிசோடுக்குப் பிறகு

"அவனுக்கு ஏதுங்க ரெண்டு கை?"

காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். அவள் திடுக்கிட்டுக் காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டாள். கையிலிருந்த பேனா விழுந்து உருண்டு, பஸ் நிறுத்தத்தின் விளிம்பில் ஓடிய மழைத்தண்ணீரோடு போய்விட்டது.

வெளியே மழை, வானத்துக்கும் தெருவுக்கும் நடுவே சாம்பல் நிறத் திரை கட்டியிருந்தது. கூரைக்குக் கீழே அவர்கள் இரண்டு பேர்தான். அவன் பாதி நனைந்திருந்தான். புருவத்திலிருந்து இறங்கிய ஒரு சொட்டு இமையில் தொங்கிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. அந்த இமைக்குக் கீழே இருந்த கண்கள்... மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தன.

"அடுத்தவங்க பேப்பரை எட்டிப் பாக்குறது என்ன பழக்கம்?"

"மழைக்கு ஒதுங்கினேங்க. நான் ஒதுங்கிட்டேன்... கண்ணு ஒதுங்க மாட்டேங்குது."

"ரொம்பக் கெட்டிக்காரத்தனமாப் பேசுறதா நினைப்போ?"

"நிஜமாவே கேக்குறேன். 'விமானி இரண்டு கைகளாலும் அவள் முகத்தை ஏந்துகிறான்'னு எழுதியிருக்கீங்க. அவன் இடது கைதான் எழுபத்தொண்ணாவது எபிசோட்லயே போயிடுச்சே?"

அவள் காகிதங்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள். போயிடுச்சா?

"அது... செயற்கைக் கை. படத்துல வச்சிருக்கோம்."

"செயற்கைக் கையை எண்பத்திரண்டுல அவனே கழட்டி வீசிடுவானே!"

பஸ் வந்தது. எந்தப் பஸ் என்று பார்க்காமலே ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். அவன் குனிந்து, தண்ணீரில் அவள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தான்.

'நெடுவெளி' என்றால் தெரியாதவர்கள் கிடையாது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஊரையே தொலைக்காட்சி முன் உட்கார வைத்த விண்வெளித் தொடர். பழுதான விண்கலத்தில், விமானிக்கும் டாக்டருக்கும் நடுவே ஓர் இரும்புக் கதவு தானாக மூடிக்கொண்டது. அத்தோடு தொடரும் நின்றுவிட்டது. இப்போது அதன் தொடர்ச்சியாக ஒரு சினிமா எடுக்கிறார்கள். திரைக்கதை அவளுடையது. அவளுடைய முதல் படம். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

ஒப்பந்தத்தின் நாலாம் பக்கம் அவளுக்கு மனப்பாடம். திரைக்கதை வெளியாள் கண்ணில் பட்டால் வேலை போகும். ஆனால் பஸ்ஸில் அவள் பயந்தது நாலாம் பக்கத்தை நினைத்து மட்டுமல்ல.

அவள் 'நெடுவெளி'யை முழுதாகப் பார்த்ததே இல்லை.

படிப்புக் கெட்டுவிடும் என்று அப்பா வீட்டில் டிவியே வைக்கவில்லை. வேலை கேட்டுப் போன அன்று தயாரிப்பாளர் மேடம், "தொடர் பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டதும், "ஒரு எபிசோட் விடல மேடம்!" என்று நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் வேலை கிடைத்தது என்று அவள் நம்பினாள். முதல் அறுபது எபிசோடைக் கொடுத்தார்கள். மிச்சம் முப்பத்தாறும் பழைய டேப்பில் இருக்கின்றன, சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். "உனக்கென்ன அவசரம், நீதான் எல்லாம் பாத்தவளாச்சே" என்றார் டேப் அறைக்காரர். அதற்கு மேல் எந்த முகத்தோடு கேட்பது? ரசிகர்கள் அங்கங்கே எழுதிவைத்திருந்த கதைச் சுருக்கத்தை நம்பி மிச்சத்தை எழுதிவிட்டாள். எந்தச் சுருக்கத்திலும் அந்தக் கை இல்லை.

மறுநாள் காலை மேடம் அறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கே அவன் உட்கார்ந்திருந்தான். இன்றைக்குக் காய்ந்திருந்தான்.

"வா புதுசு. இவர்தான் சப்டைட்டில். நம்ம தொடர் முழுசுக்கும் காது கேக்காதவங்களுக்காகக் கீழே எழுத்துப் போட்டவர். வெள்ளிக்கிழமை வரைக்கும் உன்கூட உக்காந்து, கதையில ஏதாவது முன்னுக்குப் பின் முரண் இருக்கான்னு பாப்பார்."

சொல்லப்போகிறான்... இப்போது சொல்லப்போகிறான்...

அவன் எழுந்து, முன்பின் பார்க்காதவனைப் போல, "வணக்கம் ரைட்டர்" என்றான். கண்கள் மட்டும் சிரித்தன.

கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அவன் வாய் ஓயவில்லை.

"இந்த இடத்துல 'டாக்டர் பெருமூச்சு விடுகிறாள்'னு இருக்கு. எத்தனை பெருமூச்சு ரைட்டர்? பதினாறு பக்கத்துல ஒன்பது. ஆஸ்துமாவா அவங்களுக்கு?"

"உங்களுக்கு எண்ணுறதுதான் வேலையா?"

"பெருமூச்சையும் எழுதணுமே! எங்க அக்காவுக்கு ஒன்பது வயசுல ஜுரம் வந்து காது போயிடுச்சு. டிவி பாக்கும்போது 'இப்ப என்னடா சத்தம், இப்ப என்னடா'ன்னு கேட்டுட்டே இருப்பா. சொல்லிச் சொல்லித்தான் இந்த வேலைக்கே வந்தேன். இன்னிக்கும் நான் எழுதுறது அக்காவுக்குப் புரிஞ்சாத்தான் வெளிய போகும்."

அக்காவைப் போலவே அவன் 'என்னடா' என்ற விதத்தில் அவள் சிரித்துவிட்டாள். உடனே சிரிப்பை விழுங்கினாள். இவனோடு சிரிப்பது ஆபத்து. சிரிக்கும்போது காவல் தளர்ந்துவிடுகிறது... எந்த வார்த்தையில் பிடிபடுவோம் என்று தெரியாது. அவன் குனிந்து படிக்கும்போது மட்டும் அவனைப் பார்த்தாள். நிமிர்ந்தால் கார்களை எண்ணினாள்.

புதன்கிழமை பிடிபட்டாள்.

"அந்தச் செடி செத்தப்போ எங்க அக்கா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல தெரியுமா?" என்றான் அவன், ஏதோ பேச்சுவாக்கில்.

"எந்தச் செடி?"

கேட்ட பிறகுதான் புரிந்தது. அவன் பென்சில் நின்றது. 'நெடுவெளி' பார்த்த யாரும் கேட்க முடியாத கேள்வி அது.

"அறுபதுக்கு மேல நீங்க பாக்கலை... இல்ல?" மிகவும் மெதுவாகக் கேட்டான். பையிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்து மேஜையில் வைத்தான். "முந்தாநாளே தோணுச்சு. மிச்சம் முப்பத்தாறுக்கும் நான் எழுதினது இதுல இருக்கு. படம் இல்ல, எழுத்து மட்டும்தான். இருந்தாலும்—"

முந்தாநாளே! அப்படியானால் இரண்டு நாளாக அவள் நடித்ததையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தானா? அவமானம் முகமெங்கும் சுட்டது.

"வேவு பாக்க வந்தீங்களா? பஸ் ஸ்டாப்புல பாத்தது ஒண்ணு, இது ஒண்ணு... ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு என் குடுமியைப் பிடிச்சு ஆட்டலாம்னு பாக்குறீங்களா? உங்க இரக்கம் எனக்கு வேண்டாம்!"

அவன் கண்களில் இருந்த சிரிப்பு அணைந்தது. அதை அணைத்தது தன் வாய்தான் என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். உறை மேஜை மேலேயே கிடந்தது.

வியாழக்கிழமை அவன் வரவில்லை.

மணி ஒன்பது. ஒன்பதரை. பத்து. படியில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் அவள் நிமிர்ந்தாள். சொல்லிவிட்டானா? மேடத்திடம் போய்விட்டானா? நகத்தைக் கடித்தாள். நகம் தீர்ந்துபோய் விரலைக் கடித்தாள். அப்புறம்தான் தன்னையே கேட்டுக்கொண்டாள்... நான் பயப்படுவது அவன் சொல்லிவிடுவான் என்றா, இனிமேல் வரமாட்டான் என்றா?

பதில் பிடிக்காமல் உறையைப் பிரித்தாள்.

பேச்சுக்கு நடுவே, அடைப்புக்குறிக்குள், அவன் எழுதிய ஓசைகள்.

(பாத்திரம் உருளும் ஓசை. யாரும் எடுக்கப் போகவில்லை.)

(அவன் சிரிக்கிறான். பாதியில் நிறுத்திக்கொள்கிறான்.)

(டாக்டர் அவனைக் கூப்பிட வாயெடுக்கிறாள். கூப்பிடவில்லை.)

மதியம் ஆனது. அவள் சாப்பிடப் போகவில்லை. ஒரு மனிதன், கேட்க முடியாத ஒருத்திக்காக, ஒரு மூச்சைக்கூட விடாமல் இப்படிக் காத்திருந்து பொறுக்கி எடுத்திருக்கிறான். இவனையா வேவு பார்க்கிறவன் என்றேன்? இரக்கம் என்றேன்? எழுத்து கலங்கியது. துடைத்துக்கொண்டு படித்தாள்.

கடைசி எபிசோட். கதவு மூடுகிற இடம்.

(கைப்பிடி திருகப்படும் ஓசை. விமானியின் பக்கம்.)

(கதவு மூடுகிறது. இரண்டு பக்கமும் மூச்சு.)

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி படித்தாள். கைப்பிடி... விமானியின் பக்கம்... எல்லாச் சுருக்கங்களும் கதவு பழுதாகித் தானாக மூடிக்கொண்டது என்றுதான் சொல்லின. பதினோரு வருடமாக ஊரே அப்படித்தான் நம்பியது. படத்தைப் பார்த்தவர்கள் டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். கேட்டவன் இவன் ஒருவன்தான். கதவு தானாக மூடவில்லை. மூடியது விமானிதான்!

முகத்தை ஏந்துகிற அந்தக் காட்சியை ஒரே கோட்டில் அடித்தாள். சாயங்காலம் வரை எழுதினாள்.

வெள்ளிக்கிழமை நீள மேஜையைச் சுற்றிப் பணம் போடுகிறவர்கள் நாலு பேர். தலைப்பக்கத்தில் மேடம். அவன் நாற்காலி காலி.

"இவதான் நம்ம ரைட்டர்" என்றார் மேடம் பெருமையாக. "சின்ன வயசுலேர்ந்து ஒரு எபிசோட் விடாமப் பாத்தவ."

நாலு முகமும் சிரித்தன. வாயை மூடிக்கொண்டு படிக்க ஆரம்பித்தால் போதும். அவ்வளவுதான். யாருக்கும் தெரியப்போவதில்லை.

எழுந்து நின்றாள்.

"அது பொய் மேடம். அறுபதுதான் பாத்தேன். மிச்சத்தை நேத்துத்தான் படிச்சேன்... சப்டைட்டில் எழுதினதை வச்சு."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "படி" என்றார். குரலில் எதுவும் இல்லை.

படித்தாள். பதினோரு வருடம் கழித்து, தப்பிப் பிழைத்த இருவரும் திரும்பி வந்து நிற்கிற அதே கதவு. இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் விமானி. கதவு திறப்பதற்கு முன்னால் அவன் ஒத்துக்கொள்கிறான். 'மூடியது நான்தான். நீ என் பக்கம் வந்திருந்தால் உனக்கும் காற்று இருந்திருக்காது.' பிறகு டாக்டர் சொல்கிறாள்: 'தெரியும். சத்தம் கேட்டது. நீயே சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.'

கடைசிப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தக் கைப்பிடிச் சத்தம்..." மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நான்தான் வைக்கச் சொன்னேன். அடுத்த வருஷம் அதை வச்சுக் கதையைத் திருப்பலாம்னு. தொடரையே நிறுத்திட்டாங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது அதைப் பத்திக் கேப்பாங்களான்னு பாத்தேன்."

அப்புறம் குரல் கடுமையானது. "உன் பொய்யை நான் மன்னிக்கல. முப்பத்தாறையும் உக்காந்து பாரு. பாத்துட்டு முழுக்கத் திருத்திக் கொண்டா. அப்ப முடிவு பண்றேன்."

"சரிங்க மேடம்."

"இந்த வாரம் எல்லாரும் என்கிட்ட வந்து உண்மையைச் சொல்றீங்களே, பேசி வச்சுக்கிட்டீங்களா? முந்தாநாள் அவன் வந்து நின்னான். பஸ் ஸ்டாப்புல எட்டிப் பாத்தேன், அந்தப் பொண்ணு ஒளிச்சுத்தான் வச்சிருந்தா, தப்பு என்னுதுன்னு. போடா, இனிமே வராதேன்னு அனுப்பிட்டேன்."

"என்னைப் பத்தி... வேற எதுவும் சொன்னாரா?"

"ஒரு வார்த்தை சொல்லல. என்ன சொல்லணும்?"

அவள் கதவை நோக்கி நடந்தாள்.

"ஏய் புதுசு, அப்படியே அவனையும் கூட்டிட்டு வா! திருத்தும்போது யாரு பெருமூச்சை எண்ணுறது?"

அவன் வேலை செய்யும் இடம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில். எதிரெதிராக இரண்டு மேஜை. கதவு திறந்தே இருந்தது. அவன் முதுகுதான் தெரிந்தது. காதில் பெரிய ஹெட்போன். திரையில் யாரோ ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். எதிர் மேஜைக்காரி காகிதத்தின் மேல் குனிந்திருந்தாள்.

கூப்பிட்டாள். திரும்பவில்லை. கேட்காது... கேட்காது என்பதே தைரியம் கொடுத்தது.

"தப்பாப் பேசிட்டேன்" என்றாள் அந்த முதுகிடம். "எல்லாத்துக்கும் பயந்துட்டே இருந்தேன். உங்க கண்ணைப் பாத்தா உண்மையைச் சொல்லிடுவேனோன்னு பயம். நேத்து நீங்க வரலை... அது எல்லாத்தையும் விடப் பெரிய பயமா இருந்துச்சு. எனக்கு... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

நிமிர்ந்தாள். எதிர் மேஜைப் பெண் எப்போதோ தலையைத் தூக்கியிருந்தாள். இமைக்காமல் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா!

அக்கா கையை நீட்டி, அவன் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினாள். "டேய், உனக்கு ஆள் வந்திருக்கு. வந்து என்னென்னமோ சொல்லிட்டு நிக்கிறாங்க."

அவன் திரும்பினான். நாற்காலி சுவரில் இடித்தது. மறுபடி அக்கா பக்கம் திரும்பினான். "எ... என்ன சொன்னாங்க?"

"அதை நான் எப்படிடா சொல்வேன்? அவங்களையே கேளு."

"ஒண்ணுமில்ல... மேடம் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றாள் அவள் அவசரமாக.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. "நான் பாத்தது வேற நீளமா இருந்துச்சே!"

அவனைப் பார்த்தாள். முதல் தடவையாக அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை. பயம்தான் இருந்தது, அவளுடையதைப் போலவே. இத்தனை நாள் தன்னிடம் மட்டும்தான் அது இருக்கிறது என்று நினைத்திருந்தாளே! அவள் மூச்சு மெல்ல இறங்கியது.

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்" என்றாள், இந்தத் தடவை முகத்துக்கு நேராக.

அவன் வாயைத் திறந்தான். மூடினான். அக்காவைப் பார்த்தான்.

"என்னடா என்னையே பாக்குற?" என்று அக்கா அலுத்துக்கொண்டாள். உள்ளங்கைகளால் கண்களை இறுக்கப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அதுதான் காதைப் பொத்திக்கொள்வது. "ம்... இப்பச் சொல்லு. நான் கேக்கல."

"மத்தவங்க பேசுறதை எழுதியே பழகிட்டேன்" என்றான் அவன். குரல் உடைந்து, தடுமாறி, ஆனாலும் நிற்காமல் வந்தது. "எனக்குன்னு பேச வரலைங்க... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."