பிலோமினாவின் அவசரம்

வெயிலடைப்புச் சங்கு ஊதியதும் சென்னை வழக்கம்போல மண்ணுக்குள் இறங்கியது. சித்திரையிலும் வைகாசியிலும் உச்சிப்பொழுதில் தெருவில் நிற்பது சட்டப்படி குற்றம். குற்றம் என்று சொல்லாவிட்டாலும் யாரும் நிற்கப்போவதில்லை, செருப்பு தாரோடு ஒட்டிக்கொள்ளும். பழைய மெட்ரோ சுரங்கங்களை நிழலரங்குகளாக மாற்றியிருந்தார்கள். மேலே சூரியன் மண்டையைப் பிளக்கும்போது கீழே ஊரே ஆடிக்கொண்டிருக்கும். கலெக்டரும் ஆடுவார், கீரைக்காரியும் ஆடுவாள்.

எழும்பூர் நிழலரங்கில் பரிதிக்கு ஒலிமேடையில் வேலை. பாட்டைப் போடுவதல்ல அவன் வேலை, பாடுகிறவரைப் பாடச் சம்மதிக்க வைப்பது. பதிவான பாட்டை அப்படியே ஓடவிட்டுக் கேட்பதெல்லாம் போன நூற்றாண்டோடு போயிற்று. பழைய ஒலிநாடாக்களிலிருந்து பாடகரின் குரலை, மூச்சை, ஒவ்வொரு முறையும் பாடிப் பதிந்த டேக்குகளுக்கு நடுவே பேசிய பேச்சை எல்லாம் பிரித்தெடுத்து, அதிலிருந்து ஒரு மனத்தையே வளர்த்துவிட்டார்கள். குரலுயிர் என்று அதற்குப் பெயர். அது ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாடும். பதிவு நடந்த அதே நாளில், அதே அறையில் தான் நிற்பதாக நம்பும். ஒலிமேடைக்காரன் பாடுகிறவர் காதுக்குக் குரலைக் கொண்டுபோகும் டாக்பேக் பொத்தானை அழுத்தி, அந்தக் காலத்து ரெக்கார்டிங் இன்ஜினியர்போலப் பேச வேண்டும்.

"ரோலிங்மா. போலாமா?"

"போலாம்ண்ணே," என்றாள் பிலோமினா.

மேளம் விழுந்தது. 'நில்லாத பம்பரம்' தொடங்கியதும் அரங்கில் இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். பாட்டுக்கு அன்று நூறாவது ஆண்டு. ஆட வந்த கூட்டம் படிக்கட்டுவரை நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

அந்தப் பாட்டு பிறந்த கதை ஊருக்கே மனப்பாடம். டிஸ்கோ மோகம் தலைக்கேறியிருந்த காலம் அது. பாட வேண்டிய பெரிய பாடகி வரவில்லை. கோரஸ் வரிசையில் நின்றிருந்த பெரம்பூர் பிலோமினாவை மைக் முன்னால் தள்ளினார்கள். இசையமைப்பாளர் போட்டிருந்தது நிதானமான, இடுப்பை மட்டும் அசைக்கிற தாளம். அவளோ தாளத்துக்கு முந்திக்கொண்டு பாடினாள். டிரம்ஸ்காரர் அவளைத் துரத்தினார், கிடார் பின்னாலேயே மூச்சுவாங்க ஓடியது. நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கிய இசையமைப்பாளரின் கால் அதற்குள் தன்பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. அதன்பிறகு அந்தப் பாட்டு ஒலிக்காத கல்யாணம் உண்டா, கட்சிக்கூட்டம் உண்டா? அவளுடைய முந்துதலைப் பற்றி ஆராய்ச்சி செய்தே எத்தனையோ பேர் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்கள்.

டேக் முடிந்தது. கூட்டம் கைதட்டியது பிலோமினாவுக்குக் கேட்காது. பரிதியின் குரல் மட்டும்தான் கேட்கும்.

"முடிஞ்சுதாண்ணே? நான் கிளம்பட்டுமா? பாப்பாவுக்குக் காலையிலருந்து உடம்பு அனலா கொதிக்குது. பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்."

"பிரமாதம்மா. சேஃப்டிக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்."

இதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். எதற்கும் கையிருப்பாக இன்னொரு முறை, ஒரு சேஃப்டி டேக் என்று இன்ஜினியர் கேட்டால் எந்தக் காலத்துப் பாடகியும் மறுக்கமாட்டாள். ஒவ்வொரு டேக்குக்கும் அவளுடைய பதற்றம் ஏறும். பதற்றம் ஏற ஏறப் பாட்டு பறக்கும். முதல் டேக்கை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. கடைசி டேக்குக்குத்தான் அடிதடி. மறுநாள் காலை அவளை முதலிலிருந்து எழுப்புவார்கள், முந்தின நாள் எதுவும் அவள் நினைவில் இருக்காது.

மற்ற ஒலிமேடைக்காரர்களிடம் அவள் சீக்கிரமே அழுதுவிடுவாள். பரிதிக்கு நைச்சியம் கைவந்த கலை. அவளைக் கொஞ்சி, கெஞ்சி, பிடித்து நிறுத்திவிடுவான். இந்தத் திறமைக்காகவே அவனைக் கோவையிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். வந்த புதிதில் அவனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

குழந்தைக்கு என்ன ஆனது என்பதும் ஊருக்குத் தெரியும். அரங்கின் வாசலிலேயே படத்தோடு எழுதிப் போட்டிருந்தார்கள். பிலோமினா வீடு போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் எங்கும் பாடவில்லை. வருகிறவர்கள் அதைப் படித்து "ச்சொ ச்சொ" என்பார்கள். பிறகு இடுப்பில் துணியை வரிந்து கட்டிக்கொண்டு ஆடப்போவார்கள். பரிதியும் அந்த வாசல் வழியாகத்தான் தினமும் உள்ளே வந்தான். இப்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

மூன்றாவது டேக் முடிந்தபோது அரங்க மேலாளர் தமயந்தி ஒலிமேடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் தலையை நீட்டினாள். முகமெல்லாம் வேர்வை, சந்தோஷ வேர்வை.

"இன்னிக்கு நூறாவது வருசம், பரிதி. வழக்கத்தவிட நாலஞ்சு டேக் கூட வேணும். ஜனங்க வெறியோட இருக்காங்க."

"அக்கா, அவங்க ரொம்பத் தவிக்கிறாங்க."

"தவிச்சாத்தானேடா பாட்டு?"

"பாவம்க்கா. போய்ட்டு வாங்கம்மான்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லு. எங்க போவா? போன வருசம் அந்த மதுரைக்காரப் பையன் சொன்னானே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அன்று ஒலிமேடையில் இருந்த அந்தப் பையன் மனமிளகி "போய்ட்டு வாங்கம்மா" என்றிருந்தான். அவள் நன்றி சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். அந்த அறைக்கு வெளியே யாரும் எதையும் உண்டாக்கி வைக்கவில்லை. தெருவில்லை, பஸ்ஸில்லை, பெரம்பூர் இல்லை. எதுவுமே இல்லாத இடத்தில் நின்று அவள் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் இணைப்பைப் பிடுங்கினார்கள்.

"அவ ஒரு கோப்புடா," என்றாள் தமயந்தி, கொஞ்சம் இறங்கிய குரலில். "கோப்புக்குப் பிள்ளை ஏது, ஜுரம் ஏது? மனசப் போட்டு அலட்டிக்காத."

கதவு சாத்திக்கொண்டது. பரிதிக்கும் அது தெரியும். கோப்புதான். ஆனால் அவள் மூச்சு ஒலிபெருக்கியில் நடுங்குவதை அவன் காதால் கேட்கிறான். நூறு வருஷத்துக்கு முந்தைய இன்ஜினியருக்கு அடுத்து நடக்கப்போவது தெரியாது, அவரை மன்னிக்கலாம். தனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் நாள் தவறாமல் ஒரு தாயை வாசலில் மறித்துக்கொண்டு நிற்கிறோம், அதற்குக் கூலியும் வாங்குகிறோம் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அண்ணே, இருக்கீங்களா?" என்றாள் அவள். "கோவிச்சுக்காதீங்க. இதுக்கு மேல என்னால முடியாது. பாப்பா எப்படி இருக்காளோ தெரியல."

வெளியே கூட்டம் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று காலால் தரையை உதைத்தது. பரிதி பொத்தானை அழுத்தினான். சொல்லப்போவது சொல்லும்வரை அவனுக்கே தெரியாது.

"இப்பத்தாம்மா உங்க வீட்டுப் பக்கத்துலருந்து போன் வந்துச்சு. ஜுரம் விட்டுருச்சாம். பாப்பா தூங்குதாம்."

பிறகு அவள் சிரித்தாள். நாடாவில் அவள் சிரிப்பு கிடையாது. எங்கிருந்து அதை எடுத்தாளோ, தொண்டையில் லேசாகக் கரகரத்த சிரிப்பு.

"மாதாவே," என்றாள். "உயிரே வந்துச்சுண்ணே. சரி, போடுங்க. இதுவரைக்கும் பாடுனதெல்லாம் ஒரு பாட்டாண்ணே? ஓடிட்டே இருந்திருக்கேன்."

மேளம் விழுந்தது. பிலோமினா முந்தவில்லை. இசையமைப்பாளர் போட்ட அந்தப் பழைய நிதானமான தாளத்தில் பொருந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் ருசித்துப் பாடினாள். வாத்தியங்களெல்லாம் அவள் குரலைப் பின்பற்றும்படி கட்டப்பட்டவை, அவையும் அடங்கி நடந்தன. அரங்கில் தூக்கிய கைகள் தூக்கியபடி நின்றன. யாரோ விசிலடித்துக் கேலி செய்தார்கள். ஒருத்தி மட்டும் ஆடுவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் முணுமுணுத்தபடி தண்ணீர்க் குழாயை நோக்கி நகர்ந்தார்கள். ஒரு நூற்றாண்டாக நாடே எதை வைத்து ஆடியது என்பது அவர்களில் சிலருக்காவது அப்போது உறைத்திருக்கும்.

தமயந்தி கண்ணாடியைத் தட்டினாள். பரிதி திரும்பவில்லை.

பாட்டு முடிந்தது. அரங்கு பாதி காலியாகிவிட்டது.

"நல்லா வந்துச்சாண்ணே?"

"ரொம்ப நல்லா வந்துச்சும்மா."

"போன் பண்ணது யாரு, பக்கத்து வீட்டு அக்காவேவா? பாப்பா பால் குடிச்சாளாமா?"

ஒரு பொய் சொன்னால் போதும் என்று பரிதி நினைத்திருந்தான். அவள் அந்தப் பொய்க்குள் தொட்டில் கட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"குடிச்சாளாம்மா. வயிறு நிறைய."

"அப்படீன்னா சரிண்ணே." நாற்காலி இழுபடும் ஓசையும், அவள் நிம்மதியாகச் சாயும் ஓசையும் கேட்டன. "அவ எந்திரிக்கிறதுக்குள்ள போனாப் போதும். ஒரு காப்பி சொல்லுங்க. நான் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கேன்."