தேயிலையில் அன்னாசிப்பூ வாசம்

முதல் பார்வையின் விலை, ஒரு டின் தேயிலை. அரைகுறை டின் இல்லை, முழு டின். வருடத்தின் முதல் பறிப்பு. மொத்த வியாபாரிகூட யோசித்து யோசித்துத்தான் கை வைப்பான். பேரம் நடக்கவில்லை. கொடுத்தவன் கொடுத்ததை வெளியே சொல்லவில்லை. வாங்கியவளுக்கோ, தான் எதையாவது வாங்கினோம் என்பதே தெரியாது. இப்படியும் ஒரு வியாபாரம் நடந்தது என்றால் கடைத்தெருவில் எவனும் நம்பமாட்டான். ஆனால் நடந்தது.

சனிக்கிழமை மட்டும் கூடும் மார்க்கெட் அது. நீளமான தகரக் கூரை, கீழே இரண்டு வரிசைக் கடைகள். அன்றைக்குக் காலையில்தான் அக்கா தங்கை இருவரில் சின்னவள் அங்கே முதல்முறையாகக் கரி அடுப்பைப் பற்றவைத்தாள். ஐந்து வருடம் ஒரு வியட்நாம்காரம்மாவின் ஓட்டலில் பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, கடைசியில் கரண்டி பிடித்தவள். அந்தம்மா ஓட்டலை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். சூப்பின் பக்குவம் மட்டும் இவள் கையில் தங்கிவிட்டது. அதை நம்பித்தான் இந்தக் கடை. ஒரு அண்டா, ஒரு அடுப்பு, 'வியட்நாம் நூடுல்ஸ் சூப்' என்று ஒரு பலகை, துணைக்கு அக்கா. வீட்டின் சேமிப்பு மொத்தமும் அந்த அண்டாவுக்குள்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

"அடியே, ஒருத்தரும் வரலேன்னா?" என்றாள் பெரியவள்.

"வரலேன்னா நீயும் நானும் வாரம் பூரா சூப் குடிப்போம்."

"உன்கூட வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

இஞ்சியையும் வெங்காயத்தையும் நேரே நெருப்பில் போட்டுத் தோல் கருகும்வரை வாட்ட வேண்டும். அந்தச் சூப்பின் உயிரே அதில்தான். பக்கத்தில் அன்னாசிப்பூவும் பட்டையும் வறுபட்டன. மீன் சாஸ் புட்டி திறந்தது. அன்றைக்கு ஏனோ வெங்காயம் அளவுக்கு மீறிக் கருகிவிட்டது. பெரியவள் முறைத்தாள். புகை எழுந்தது… சுற்றுமுற்றும் பார்த்தது… பக்கத்துக் கடையைப் பிடித்துப்போய் அங்கேயே நுழைந்தது.

"ஏங்க… உங்க புகை எங்க டின்னுக்குள்ள போகுது."

சின்னவள் நிமிர்ந்தாள். பக்கத்துத் தேயிலைக் கடைக்காரன். நல்ல தேநீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெயிலுக்கு நேரே பிடித்தால் ஒரு நிறம் தெரியுமே… அந்த நிறத்தில் கண்கள்.

"புகைக்கு நானா விலாசம் எழுதிக் குடுத்தேன்?"

"தேயிலைக்கு மூக்கு உண்டுங்க. பக்கத்துல எது இருந்தாலும் உறிஞ்சிக்கும்."

"அப்போ அந்த மூக்கை மூடி வைங்க. மூடின்னு ஒண்ணு இருக்கும்ல?"

அவன் தன் கையைப் பார்த்தான். டின்னின் மூடி அவன் கையில்தான் இருந்தது. எவ்வளவு நேரமாக இருந்ததோ! காது மடல் சிவந்துவிட்டது.

பாவமாகிவிட்டது அவளுக்கு. முதல் கிண்ணத்தை எடுத்தாள். அரிசி நூடுல்ஸ், கோழித் துண்டு, மேலே ஆவி பறக்கும் சூப். "இந்தாங்க. முதல் கிண்ணம் பக்கத்துக் கடைக்கு. காசு வேண்டாம்."

கிண்ணத்துக்குள் பாம்பைப் பார்த்தவன்போல அவன் பின்வாங்கினான். "ஐயோ… வேண்டாங்க!"

போயே போய்விட்டான்.

"காசில்லாம குடுத்தும் வேண்டாங்கறானே," என்று பெரியவள் வாயைப் பிளந்தாள். "இவன் கண்டிப்பா வியாபாரி இல்லடி."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. கூடவே ஒரு பயம். புதுக் கடைகளை ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது அந்த மார்க்கெட்டின் வழக்கம். பக்கத்துக் கடைக்காரர் புகார் கொடுத்தால் போச்சு. சாமான் இறக்கும் பின்வாசலுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே ரிவர்ஸ் எடுக்கும் லாரியைத் தவிர வேறு வாடிக்கையாளர் கிடையாது. அதாவது, இவன் ஒரு வார்த்தை சொன்னால் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆனால் அவன் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டு கடைக்கும் நடுவே ஈரத் துணி ஒன்றைக் கட்டினான். அவ்வளவுதான். கடையை மூடும் நேரத்தில் இரண்டு தம்ளர் தேநீர் மட்டும் அந்தத் துணியைத் தாண்டி வந்தது. குடித்தால்… அடடா. ஆனால் சூப்? ஒரு வாய்கூட இல்லை.

ஏன்?

அந்த 'ஏன்' அவளைத் தூங்கவிடவில்லை. துணியின் ஓரத்தை விலக்கி விலக்கிப் பார்த்தாள். மதியத்துக்கு அவன் சாப்பிடுவது வெந்த உருளைக்கிழங்கும் வெறும் பிரட்டும். உப்புகூட இல்லை! இடையிடையே ஒரு கரண்டித் தேநீரை 'சர்ர்'ரென்று ஊரைக் கூட்டும் சத்தத்தோடு உறிஞ்சுவான். கண்ணை மூடி ஏதோ யோசிப்பான். பிறகு துப்பிவிடுவான்!

"வயித்துப் புண்ணு," என்று தீர்ப்புச் சொன்னாள் பெரியவள்.

"வயித்துப் புண்ணுக்காரன் எதுக்குத் துப்பணும்?"

"அப்போ கஞ்சன். விழுங்கினா செலவாயிடும்னு துப்பறான். உனக்கு எதுக்குடி இவ்வளவு ஆராய்ச்சி?"

"பக்கத்துக் கடை… தெரிஞ்சு வெச்சுக்க வேண்டாமா?"

"அந்தப் பக்கத்துலயும்தான் ஒரு செருப்புக் கடை இருக்கு. அவர் மதியம் என்ன சாப்பிட்டார், சொல்லு பார்ப்போம்?"

சின்னவள் அண்டாவைக் கிளறப் போய்விட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் யாரோ மூட்டை மூட்டையாகக் கடலையைக் கொட்டுவதுபோலச் சத்தம். மார்க்கெட்டில் ஈ காக்கை இல்லை. பெரியவள் சாக்கை விரித்துச் சாய்ந்துவிட்டாள். டின்களையெல்லாம் மூடியாயிற்று, ஈரத் துணிக்கு இனி வேலை இல்லை என்று அவன் அவிழ்த்து மடித்தான். நடுவில் இப்போது எதுவுமில்லை… சாரல் மட்டும்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேளுங்க."

"என் சூப் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்குத் தனியாக விலை போடலாம்.

"எங்க கடைக்கு முதலே நாக்குதாங்க. முன்னாடி அப்பாவோட நாக்கு. அவர் கலந்த தூள்னா கண்ணை மூடிட்டு வாங்குவாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல்… மூக்கு, நாக்கு ரெண்டும் போயிடுச்சு. சர்க்கரையும் உப்பும் ஒண்ணுதான் இப்போ அவருக்கு. வெளியில சொல்லிக்க மாட்டார். உறிஞ்சித் துப்பி ருசி பார்த்துக் கலவை நான்தான் போடணும். வெங்காயம், மிளகாய், இந்தத் தழையெல்லாம் ஒரு வாய் போட்டா போதும்… அன்னைக்குப் பூரா நாக்கு லீவு."

இத்தனை நாள் அவள் மனத்துக்குள் அவனைத் திட்டிய திட்டெல்லாம் வரிசையில் வந்து தலை குனிந்தன.

"அப்போ… என் சூப் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"யார் சொன்னா?" அவன் கண்ணை மூடினான். "இன்னைக்குப் பட்டை ஒரு துண்டு கூடிப்போச்சு. இஞ்சியை அவசரமா எடுத்துட்டீங்க, மழை வந்துடுமேன்னு. போன வாரம் சரியா இருந்துச்சு. முதல் நாள்தான் வெங்காயம் ரொம்பவே கருகிப்போச்சு. கவனம் எங்க இருந்துச்சோ…"

"அண்டாவுல!" என்றாள் வெடுக்கென்று. அவள் முகம் ஏன் சூடாகிறது? அடுப்பு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது?

"இனிமே மோந்து பார்க்கறதுக்கும் காசு," என்றாள்.

"கணக்குல எழுதிக்குங்க."

"ஆமா, முதல் நாள் ஒரு டின்னுக்குள்ள புகை போச்சுன்னீங்களே… அந்த டின் என்னாச்சு?"

அவன் மழையைப் பார்த்தான். "அது… வீட்ல இருக்கு."

கெட்டுப்போன தேயிலையை எவனாவது வீட்டில் வைத்துக்கொள்வானா? அவளுக்கு ஒரு 'ஏன்' தீர்ந்து இன்னொரு 'ஏன்' பிறந்தது.

நான்காவது சனிக்கிழமை. மாதத்தின் கடைசி மார்க்கெட். மார்க்கெட் மேற்பார்வையாளர் மூக்குக் கண்ணாடியும் காகிதமுமாக வரப்போகும் நாள். அன்று தேயிலைக் கடையில் உட்கார்ந்திருந்தது அவன் அல்ல, அவன் அப்பா. மகன் லாரி ஆபீசில் மூட்டை எடுக்கப் போயிருந்தான். கேன்டீன்காரர் ஒருவர் முதல் பறிப்பு கேட்டார். பெரியவர் காலையில் வண்டியில் ஏற்றி வந்த முழு டின் ஒன்றை எடுத்துப் பெருமையாக நீட்டினார்.

ஒரு மணி நேரத்தில் கேன்டீன்காரர் டின்னோடு திரும்பி வந்தார். "என்ன முதலாளி, டீ கேட்டா சூப் குடுத்திருக்கீங்க?"

பெரியவர் டின்னை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. அந்த ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தது சின்னவள் மட்டும்தான். செருப்புக் கடைக்காரர் மோந்தார்: "அன்னாசிப்பூ." மேற்பார்வையாளரும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்து, தானும் மோந்தார்: "மீன் சாஸ். அப்போ புகார்னு எழுதிடலாமா முதலாளி?"

"எழுதுங்க," என்றார் பெரியவர். குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகம். "முப்பது வருஷக் கடை. ஒரு டின் இப்படித் திரும்பினதில்ல."

உங்கள் மூக்குக்குத் தெரியாமல் விற்றது நீங்கள்தானே என்று ஒரு வார்த்தை போதும், நியாயம் இவள் பக்கம் வந்துவிடும். அந்த வார்த்தையைச் சின்னவள் விழுங்கினாள்.

"எங்க புகைதான். எழுதிக்குங்க," என்று அடுப்பின் கரியைக் கிளறி அணைக்கக் குனிந்தாள். "யார் தயவுலயும் கடை போட வேண்டாம். அக்கா, அண்டாவை இறக்கு."

"அடியே, நூடுல்ஸ் பாதி வெந்திருக்கு!"

"அணைக்காதீங்க!"

தோளில் மூட்டையோடு அவன். மூச்சு வாங்க நின்றவன், டின்னைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது.

"அப்பா… இந்த டின் உங்களுக்கு எங்க கிடைச்சது?"

"உன் கட்டிலுக்கு அடியில. மறந்துட்டியோன்னு ஏத்திட்டு வந்தேன்."

"தப்பு புகை மேல இல்லப்பா. மூடி திறந்து கிடந்துச்சு."

"எவன் திறந்து போட்டது?"

"நான்."

"நீயா! டின்னைத் திறந்து போடற பழக்கம் உனக்கு எப்போ வந்துச்சு?"

மார்க்கெட் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவன் மூட்டையை இறக்கிவைத்தான்.

"இவங்க அடுப்பு ஊதினாங்க… முடி முன்னாடி விழுந்துச்சு. புறங்கையால ஒதுக்கினாங்க. நான் மூடியைக் கையில வெச்சுக்கிட்டு… அப்படியே நின்னுட்டேன்."

வியாபாரி அல்லவா, பெரியவர் அளவு கேட்டார். "எவ்வளவு நேரம்?"

"வெங்காயம் கருகற வரைக்கும்."

"சரி, கெட்டுப்போனதைத் தூக்கிப் போடாம கட்டிலுக்கு அடியில எதுக்குடா?"

"சனிக்கிழமை மட்டும்தானேப்பா மார்க்கெட்… மத்த நாள் அதைத் திறந்து…" மூட்டையின் கயிற்றை இறுக்கக் குனிந்துகொண்டான். மீதியைச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சின்னவளின் கையில் கிடுக்கி அப்படியே நின்றது. வாரம் முழுவதும்… அவளுடைய அடுப்பு வாசனை… ஒரு கட்டிலுக்கு அடியில்!

பெரியவர் மகனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மேற்பார்வையாளரிடம் திரும்பினார். "அந்தக் காகிதத்தை மடிச்சு வைங்க. மூடி போடத் தெரியாத பிள்ளையைப் பெத்ததுக்கு யார் மேல புகார் குடுக்கறது? இந்தக் கடை இங்கயே இருக்கட்டும்." பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனா ஒண்ணும்மா. போன டின் போனதுதான். கணக்குன்னு ஒண்ணு இருக்கில்ல? பணம் வேண்டாம். கிண்ணமா குடு. நாற்பது."

சின்னவள் யோசித்தாள். பத்துக் கிண்ணம் என்று ஆரம்பிக்க வேண்டும், அதுதான் முறை.

"நாற்பது எங்களுக்குக் கட்டாதுங்க," என்றாள். "ஐம்பதா வெச்சுக்குங்க."

"ஐயையோ, பேரம் தலைகீழா போகுது!" என்று பெரியவள் தலையில் கை வைத்தாள்.

"ஆனா வாரத்துக்கு ஒரு கிண்ணம்தான்," என்றாள் சின்னவள், அவனைப் பார்க்காமல்.

"வாரத்துக்கு ஒண்ணுன்னா… ஒரு வருஷத்துல தீர்ந்துடுமே," என்றான் அவன்.

"ஏன், அவ்வளவு நாள் இழுக்குதேன்னு பார்க்கறீங்களா?"

"இல்ல… கம்மியா இருக்கேன்னு பார்த்தேன்."

பெரியவளால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "வாரா வாரம் உங்களுக்குன்னு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சுட்டு உங்க கடையைப் பார்த்துக்கிட்டு நின்னாளே, அதெல்லாம் எந்தக் கணக்குல வரும்? சாயங்காலம் அத்தனையையும் தின்னு தீர்த்து நான் ஒரு சுத்துப் பெருத்ததுதான் மிச்சம்!"

"அக்கா!"

அவன் வந்து சூப்புக் கடை பெஞ்சில் உட்கார்ந்தான். காலைப் பத்து மணி. தேயிலைக் கடை முன்னால் மூன்று பேர் நின்றார்கள். எலுமிச்சையைப் பிழிந்தான், தழையைக் கிள்ளிப் போட்டான், மிளகாயை அவள் "வேண்டாம்" என்பதற்குள் அள்ளிப் போட்டான். ஒரு வாய்.

"இன்னைக்குக் கலவை கிடையாதுங்க," என்று பெரியவர் அந்த மூன்று பேரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "நாக்கு லீவு. பாக்கெட் மட்டும்தான்."

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மெதுவாக.

அவன் கண்ணில் நீர் முட்டியது. மிளகாயாகவும் இருக்கலாம். "மோந்தப்போ பாதிதாங்க தெரிஞ்சது…"

அவள் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். ஊற்றும் சாக்கில் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அஞ்சு வருஷமா வெங்காயம் வாட்டறேன்… ஒரு நாளும் அப்படிக் கருக விட்டதில்ல. முதல் நாள் மட்டும் ஏன் கருகிச்சுன்னு யாருமே கேக்கல."

கரண்டி அவன் கையிலேயே நின்றுவிட்டது. தேநீர் நிறக் கண்கள் நிமிர்ந்தன. இந்த முறை பார்வையைத் திருப்ப இருவருக்கும் அவசரமில்லை… அந்தப் பார்வைக்கு எத்தனை டின் போகுமோ!

கடையை மூடும் நேரத்தில் பெரியவர் மகனிடம் கேட்டுக் கேட்டு, சாக்பீசால் காலி டின்னின் பக்கவாட்டில் கணக்கு எழுதினார். தேயிலைக் கடைக்கு வரவேண்டியது, ஐம்பது கிண்ணம். வந்தது, ஒன்று. சூப்புக் கடைக்குப் போகவேண்டியது, நாலு வாரம் மோந்து பார்த்த கூலியும் கருகிப்போன வெங்காயம் ஒன்றும். மோந்த கூலியை மகன் வாழ்நாள் முழுக்கத் தவணையில் அடைப்பான். வெங்காயத்துக்கு ஈடாகப் பார்வை ஒன்று. அது காலையிலேயே பைசலாகிவிட்டது. கழித்தது போக நிற்கும் பாக்கி, நாற்பத்தொன்பது கிண்ணம்.

கீழே அழுத்திக் கோடு போட்டு எழுதினார்: தள்ளுபடி கிடையாது.